கடிகாரத்தைப் பார்த்ததும் விநாடி முள் ஒரு கணம் நிற்பது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்போது விநாடி முள் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. "கடிகாரம் நின்னுபோச்சா?" என்று நினைத்து முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. பேட்டரி மாற்றியும் பார்த்துவிட்டீர்கள். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். கோளாறு கடிகாரத்திலா, உங்களிடமா என்று கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டிருக்கிறீர்கள். கடிகாரம் சரியாக ஓடுகிறதா, மூளை சரியாக ஓடுகிறதா, இரண்டும் சரியென்றால் அந்த நின்ற நொடி எங்கிருந்து வந்தது என்று மூன்று கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பதில் 'ஆம்' என்றே சொல்லலாம். மூன்றாவதற்குத்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் கவனித்தது கண்ணும் மூளையும் விடிந்ததிலிருந்து தூங்கப் போகும் வரை செய்யும் ஒரு வேலையின் சிறு கசிவு. அது வெளியே தெரியும் இடங்கள் மிகக் குறைவு. விநாடி முள் அவற்றில் ஒன்று.

கடிகாரத்தைப் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். வீட்டுச் சுவரில் டிக் டிக் என்று ஓடுவது பெரும்பாலும் குவார்ட்ஸ் கடிகாரம். உள்ளே இருக்கும் சின்னக் காயிலுக்கு நொடிக்கு ஒரு மின்துடிப்பு போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் விநாடி முள் 6 டிகிரி நகர்ந்து நிற்கும். பேட்டரி தீர்ந்துவரும்போது பழுது ஒரே இடத்தில்தான் தலைகாட்டும்: 6-லிருந்து 12-க்கு ஏறும் பக்கத்தில், 9-க்கு அருகில். அங்கே முள் படுக்கைவாட்டில் இருப்பதால் அதன் எடையைத் தூக்க அதிக விசை வேண்டும். விசை போதாமல் முள் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு எந்த எண்ணுக்கு அருகிலும் அது நிற்கிறது, அதுவும் பார்த்த முதல் கணத்தில் மட்டும். உறுதிசெய்ய வேண்டுமென்றால் ஸ்டாப்வாட்சை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கண்ணை எடுக்காமல் முள்ளையே பார்த்து 60 டிக் எண்ணுங்கள். அவர் கையில் 60 நொடி வந்தால் கடிகாரத்தில் குற்றமில்லை. ஸ்டாப்வாட்சை நீங்களே வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தால் சோதனை கெட்டுவிடும். கண்ணை மாற்றுவதுதான் இங்கே விஷயமே.

நம் கண் உலகைக் கேமரா போல ஒரே சீராகப் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவே இருக்கும் ஒரு சிறு குழியில் மட்டும்தான் பார்வை மிகக் கூர்மை. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால் அந்த நகம் அடைக்கும் பரப்பு சுமார் 2 டிகிரி. கூர்மையாகத் தெரிவது ஏறக்குறைய அவ்வளவே. மற்றதெல்லாம் போகப்போக மங்கல். அதனால் கண் ஓரிடத்தில் நின்று பார்க்கிறது, துள்ளி அடுத்த இடத்துக்குப் போகிறது, மறுபடி நிற்கிறது. இந்தத் துள்ளலைப் பாடநூல்கள் பிரெஞ்சுச் சொல்லை அப்படியே எடுத்து 'சக்காட்' என்கின்றன. இங்கே தாவல் என்றே சொல்கிறேன். விழித்திருக்கும்போது நொடிக்குச் சராசரியாக மூன்று தாவல். ஒரு நாளுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒரு தாவல் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதற்கு நல்ல கணக்கு உண்டு: சுமார் 21 மில்லி விநாடி, அதோடு டிகிரிக்கு 2.2 மில்லி விநாடி. 20 டிகிரி தாவலுக்கு 65 மில்லி விநாடி ஆகும். பெரிய தாவல்களில் கண்ணின் வேகம் நொடிக்கு 500 டிகிரியைத் தாண்டும். இவ்வளவு வேகத்தில் கேமராவைத் திருப்பினால் படம் முழுக்க இழுபட்டுக் கலங்கிப்போயிருக்கும். நமக்கோ எந்தக் கலங்கலும் தெரிவதில்லை.

தெரிவதில்லை என்பதை இன்றைக்கே பார்த்துவிடலாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, மறுபடி இடதை. பார்வை மாறுவது உங்களுக்குத் தெரியும், ஆனால் கண் நகர்வதை ஒருமுறைகூடப் பார்க்க முடியாது. எப்போது பார்த்தாலும் அது அசையாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் கண் இங்கும் அங்கும் ஓடுவது நன்றாகத் தெரிகிறது என்பார். தாவல் சின்னது என்பதால் அல்ல. அந்தத் தூரத்தில் அது சுமார் 7 டிகிரி, எடுக்கும் நேரம் 35 மில்லி விநாடிக்கு மேல். அதே போன்ற அசைவை அடுத்தவர் கண்ணில் சிரமமில்லாமல் பார்க்கிறோம். பிறகு இதையே கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் வீடியோ எடுத்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் கண் தாவுவது உங்களுக்கே தெரியும், ஏனென்றால் இப்போது நீங்கள் பார்ப்பது முன்பே முடிந்துபோன தாவல். ரேமண்ட் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1900-ஐ ஒட்டி எழுதியவற்றிலேயே இந்தக் கண்ணாடிச் சோதனை வருகிறது. நூறு வருடம் தாண்டியும் இதைவிட எளிமையான சோதனை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தாவலின் கலங்கல் ஏன் தெரிவதில்லை என்பதில் இரண்டு காரணங்கள் நன்றாக நிறுவப்பட்டவை. ஒன்று, தாவலுக்கு முன்னும் பின்னும் கண் நிலைத்து நின்று பார்க்கும் தெளிவான காட்சி இடையிலிருக்கும் மங்கலான கீற்றை அமுக்கிவிடுகிறது. கேம்பெல், வுர்ட்ஸ் இருவரும் 1978-ல் இதைக் காட்டினார்கள்: இருட்டறையில் கண் தாவும் அந்தச் சில மில்லி விநாடிக்கு மட்டும் விளக்கைப் போட்டால் கலங்கல் தெரிகிறது, தாவல் முடிந்த பிறகும் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தால் அது மறைந்துவிடுகிறது. இன்னொன்று, தாவும் நேரத்தில் பார்வையின் உணர்திறனே குறைகிறது, குறிப்பாக அசைவையும் பெரிய வெளிச்ச வேறுபாடுகளையும் காட்டும் பாதையில். நிறத்தை மட்டும் நம்பியிருக்கும் காட்சிகளுக்கு இந்தக் குறைவு அவ்வளவாக இல்லை. "கண் நாளுக்கு இரண்டு மணி நேரம் குருடாகிறது" என்று பரவும் வரியை அதனால் அப்படியே நம்பாதீர்கள். எல்லாத் தாவல்களின் நேரத்தையும் கூட்டினால் ஏறத்தாழ அந்தக் கணக்கு வருவது உண்மைதான். ஆனால் அது குருட்டுத்தனம் அல்ல, மங்கல். அந்த மங்கலும் நினைவில் பதிவதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கைக் கோயில் திருவிழாவில் பார்க்கலாம். மரத்திலும் பந்தலிலும் கட்டும் சீரியல் எல்.இ.டி. விளக்குகளில் பல, வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு 50 முறை அணைந்து எரிபவை. நேராகப் பார்த்தால் தொடர்ந்து எரிவது போலவே இருக்கும். இருட்டான பின்னணியில் ஒற்றை விளக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென்று பார்வையை மாற்றுங்கள். ஒரே விளக்கு இரண்டு மூன்று தனித்தனிப் புள்ளிகளாக வரிசையில் மின்னி மறையும். 65 மில்லி விநாடித் தாவலில் 20 மில்லி விநாடிக்கு ஒரு மின்னல் என்றால் மூன்று புள்ளிதானே வர வேண்டும்! கணக்கும் கண்ணும் ஒத்துப்போகின்றன. இரவில் சில வண்டிகளின் பின்விளக்கிலும் இதைக் காணலாம். கலங்கலாக வருவதை அமுக்கத் தெரிந்த பார்வைக்கு, கூர்மையான தனிப்புள்ளிகளாக வருவதை அமுக்கத் தெரியவில்லை.

உங்கள் நொடிக்கு வருவோம். தாவலின்போது வந்த காட்சியை மறைத்தாயிற்று, ஆனால் அந்த நேரம்? கைப்பேசியிலிருந்து கடிகாரத்துக்குக் கண் போக ஆன நேரத்தில் நமக்கு ஓர் ஓட்டை தெரிய வேண்டும். ஒரு காட்சி முடிந்தது, ஒன்றுமில்லை, பிறகு அடுத்த காட்சி என்று. அப்படித் தெரிவதில்லை. முதல் காட்சி முடிந்த இடத்திலேயே இரண்டாவது தொடங்கியது போல ஒட்டிக்கொள்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த கீலன் யாரோவும் உடன் ஆய்வாளர்களும் 2001-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை இதைத்தான் அளந்தது. திரையில் ஓர் எண். பார்ப்பவரின் கண் அதை நோக்கித் தாவத் தொடங்கியதும் கருவி அதை உணர்ந்து எண்ணை மாற்றிவிடும். கண் வந்து இறங்கும்போது புது எண் அங்கே இருக்கும். அதற்குப் பிறகு வரும் எண்கள் ஒவ்வொன்றும் சரியாக ஒரு நொடி நிற்கும். முதல் எண் மற்றவற்றைவிட நீண்ட நேரம் இருந்ததா, குறைந்த நேரமா என்பதுதான் கேள்வி. 22 டிகிரி தாவிவந்தவர்களுக்கு முதல் எண்ணைச் சுமார் 0.88 நொடி காட்டினாலே முழு நொடியாகத் தோன்றியது. 55 டிகிரி தாவியவர்களுக்குச் சுமார் 0.81 நொடியே போதுமானதாக இருந்தது. கூடுதலாகத் தோன்றிய நேரத்தைக் கணக்குப் போட்டால், தாவல் எடுத்த நேரத்தோடு இன்னும் ஒரு 50 மில்லி விநாடி. கண் போய்ச் சேர்ந்த பிறகு கண்ட காட்சியை, கண் புறப்படுவதற்குச் சற்று முன்பிருந்தே கண்டுகொண்டிருந்ததாக மூளை முன்தேதியிட்டு எழுதிக்கொள்கிறது.

இப்போது சுவர்க் கடிகாரம். முள் நகர்ந்த அதே கணத்தில் கண் வந்து இறங்கினால், அடுத்த டிக் வர முழு நொடி இருக்கிறது. அதன் தலையில் தாவலின் நேரமும் ஏறிக்கொள்கிறது. உண்மையில் 1 நொடி, உங்களுக்குத் தோன்றுவது ஏறக்குறைய 1.1 நொடி. அடுத்து வரும் டிக்குகள் எல்லாம் சரியான ஒரு நொடியில் வருவதால் முதலாவது மட்டும் இழுத்துக்கொண்டது தெரிகிறது. தாளத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் பாட்டுக் கேட்டுப் பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும் அல்லவா, அதேதான். ஆனால் முள் நகர்ந்து அரை நொடி ஆன பிறகு கண் வந்து இறங்கினால், மிச்சமிருக்கும் அரை நொடியோடு கூடுதல் நேரம் சேர்ந்தாலும் 0.6-தான் ஆகிறது. அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். டிக்குக்குப் பிறகு முதல் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண் வந்து இறங்கினால்தான் நிற்பது தெரியும் என்று வைத்தால், பத்து முறை பார்ப்பதில் ஒரு முறைதான் அது நடக்க வேண்டும். "எப்போது பார்த்தாலும் நிற்கிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது: நின்ற தடவைகள் நினைவில் தங்குகின்றன; நிற்காத ஒன்பது தடவைகளில் மணியைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒருமுறை கவனித்த பிறகு தேடவும் ஆரம்பித்துவிடுவோம். பல்லி விழுந்த பலன் பலித்த நாள்கள் மட்டும் நினைவிருப்பதும் இந்த வழியில்தான். இரண்டு நாள் ஒரு தாளில், நின்றால் ஒரு கோடு, நிற்காவிட்டால் ஒரு வட்டம் என்று போட்டு வாருங்கள். வட்டங்களின் எண்ணிக்கை உங்களை ஆச்சரியப்படுத்தும்.

இதை வேண்டுமென்றே வரவழைக்கவும் முடியும், கொஞ்சம் கவனமாகச் செய்தால். டிக் டிக் என்று தாவித் தாவி நகரும் முள் வேண்டும். வழுக்கிக்கொண்டே சுற்றும் முள் உதவாது, அதில் 'நிற்பது' என்ற கணமே இல்லை. கடிகாரத்துக்கு நேராக 2 மீட்டர் தள்ளி உட்காருங்கள். கடிகாரத்திலிருந்து 80 செ.மீ. பக்கவாட்டில், அதே உயரத்தில், சுவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அது 22 டிகிரி. பொட்டைப் பார்த்துக்கொண்டே கடிகாரத்தின் டிக் ஓசையைக் கேளுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: டிக் கேட்ட பிறகு கண்ணைத் திருப்புகிறார்கள். காதில் விழுந்து கண் புறப்பட ஏறக்குறைய 200 மில்லி விநாடி ஆகும், போய்ச் சேர இன்னும் 70. அதற்குள் நொடியில் கால்வாசிக்கு மேல் போய்விடும், எதுவும் நிற்காது. நாலைந்து டிக்குக்கு விரலால் தாளம் போட்டு, அடுத்த டிக்கோடு சேர்ந்தே கண்ணைத் திருப்ப வேண்டும், சமத்தில் கை விழுவது போல. முள் நகரும் கணத்தில் கண் வழியில் இருக்கும், அந்த நகர்வு உங்களுக்குத் தெரியாது, இறங்கியதும் முள் கல்லாய் நிற்கும்.

கண் சிமிட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வையை நிறையத் திருப்பும்போது நம்மை அறியாமலே இமை மூடித் திறக்கும், அது தன் பங்குக்குப் பத்தில் ஒரு நொடிக்கு மேல் தின்றுவிடும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்புவதும் முக்கியம். வீட்டில் நம்பாதவர்களிடம் செய்து காட்டும்போது, எதைப் பார்க்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். "முதல் நொடி பெரிசா, அடுத்தது பெரிசா, ரெண்டும் ஒண்ணா?" என்று மட்டும் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சுற்றும் வேண்டும்: அவர் கண்ணை அசைக்காமல் கடிகாரத்தின் மேலேயே வைத்திருக்கட்டும், நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தால் அதை மறைத்து, டிக்கோடு சேர்த்துச் சட்டென்று எடுங்கள். தாவல் இல்லாததால் வித்தியாசம் குறைய வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டு முடிவுக்கு வராமல் ஒவ்வொரு விதத்திலும் இருபது தடவையாவது செய்யுங்கள். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் ஒற்றைத் தடவையில் எளிதில் தப்பிப்போகும்.

இதுவரை சொன்னதில் தாவல் உண்டு, அதை நாம் உணர்வதில்லை, தாவிய பின் காணும் முதல் காட்சி நீண்டு தோன்றுகிறது ஆகிய மூன்றும் உறுதியானவை. மூளை ஏன் அப்படி நீட்டுகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. முன்தேதியிடுவது என்று மேலே சொன்னது ஒரு விளக்கம், எனக்கு மிகவும் ஏற்புடையதும் அதுதான். அதன் பலமே அளவுதான்: தாவல் நீள நீள, தோற்றமும் சரியாக அந்த அளவுக்கு நீள்கிறது. இதற்கு ஆதரவாக ஒன்று குரங்குகளில் கிடைத்திருக்கிறது. மூளையின் பக்கமேற்பகுதியில் சில நரம்பணுக்கள், கண் அடுத்து எங்கே போகப்போகிறதோ அந்த இடத்துக்குக் கண் நகர்வதற்கு முன்பே பதில் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றன என்று டியுஹமல் குழுவினர் 1992-ல் காட்டினார்கள். மூளை அங்கே முன்கூட்டியே 'போய்விட்டது' என்றால், அப்போதிருந்தே பார்த்ததாகக் கணக்கெழுதுவதில் நியாயம் இருக்கிறது.

மறுப்பவர்களிடமும் நல்ல ஆதாரம் இருக்கிறது. 2002-ல் வந்த ஓர் ஆய்வில் கண்ணுக்கு வேலையே இல்லை. கவனத்தை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றியதும் அங்கே கேட்கும் முதல் இடைவெளி நீண்டு தோன்றியது. தொலைபேசி ரிசீவரைக் காதில் வைத்ததும் வரும் முதல் அமைதி நீண்டுபோய் "லைன் டெட்டா?" என்று தோன்றுமே, அதையே அந்த ஆய்வாளர்கள் உதாரணமாகக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, 2001 சோதனையை நடத்திய அதே கீலன் யாரோவும் ஆய்வாளர் ரோத்வெலும் கைக்கும் இது பொருந்தும் என்று காட்டினார்கள்: கையை நீட்டி ஒன்றைத் தொடும்போது, உண்மையில் தொட்ட நேரத்துக்குச் சற்று முன்பே தொட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. ஆகவே கவனம் புது இடத்துக்குப் போகும்போது உள்ளே இருக்கும் ஏதோ ஒரு கணக்கீடு வேகம் எடுக்கிறது, அதனால் முதல் இடைவெளி நீள்கிறது என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். நேரம் எப்போதும் நீளத்தான் செய்யும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தாவலை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு மின்னல்களைக் காட்டினால் அவற்றுக்கு இடையிலுள்ள நேரம் சுருங்கித் தோன்றுகிறது என்று மொரோன், ராஸ், பர் மூவரும் 2005-ல் காட்டினார்கள். 'கண் தாவினால் காலம் நீளும்' என்று ஒற்றை வரியாகச் சொல்வது அதனால் தவறு. நீள்வது, தாவி முடித்ததும் காணும் காட்சியின் நேரம் மட்டுமே.

விடுபட்டதை ஒட்டிக் காட்டும் இந்த வழக்கம் நேரத்தில் மட்டுமல்ல, இடத்திலும் உண்டு. ஒரு தாளில் 7 செ.மீ. இடைவெளியில் கிடைமட்டமாக இரண்டு புள்ளிகள் வைத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடப்பக்கப் புள்ளியைப் பாருங்கள். தாளை 25 செ.மீ. தூரத்தில் முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தினால் ஓரிடத்தில் வலப்பக்கப் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் விழித்திரைக்கு ஒளியை உணரும் செல்களே இல்லை. ஆனால் அங்கே கருப்பு ஓட்டை தெரியாது, தாளின் வெள்ளைதான் தெரியும். மஞ்சள் தாள் என்றால் மஞ்சள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் இந்த நிரப்புதலைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். இட ஓட்டையை நிரப்புவதும் நேர ஓட்டையை நிரப்புவதும் மூளையில் ஒரே ஏற்பாடுதான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டிலும் ஓட்டை நமக்குத் தெரிவதில்லை என்பது மட்டும் பொது.

இதனால் நடைமுறையில் ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள், வண்டி ஓட்டுபவர் என்பதால். "கண் தாவும்போது பைக் மறைந்துவிடும், விபத்து அதனால்தான்" என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகும். 65 மில்லி விநாடித் தாவலில் சுமார் 1.1 மீட்டர். அதற்குள் ஒரு வண்டி எங்கும் மறைந்துவிடாது. உண்மையான ஆபத்து, தாவல்களுக்கு நடுவே கண் இறங்காத இடங்களில் இருக்கிறது. முக்கில் நின்று வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே வீச்சில் பார்த்தால், முழுச் சாலையையும் பார்த்துவிட்டது போலத் திருப்தியாக இருக்கும். கண்ணோ அந்த வீச்சில் மூன்று நான்கு இடத்தில்தான் நின்றிருக்கும். 100 மீட்டரில் வரும் பைக்கின் முகப்பு அரை டிகிரிதான் இருக்கும், வானத்தில் நிலா இருக்கும் அளவு. கண் அதன் அருகில் இறங்காவிட்டால், ஓரப் பார்வையின் மங்கலில் அது மரத்தோடு மரமாகப் போய்விடும். இடைவெளிகளை மூளை வழவழப்பாக ஒட்டிக் கொடுத்துவிடுவதால், 'பார்க்கவில்லை' என்ற உணர்வே வராது. விபத்துக்குப் பிறகு "பார்த்துட்டுத்தான் எடுத்தேன்" என்று சொல்பவர்களில் பலர் மனமறிந்து பொய் சொல்லவில்லை.

ஆகவே முக்கில் வீசிப் பார்க்காதீர்கள், நிறுத்திப் பாருங்கள். நம் ஊரில் முதலில் குறுக்கே வருவது வலப்பக்க வண்டி. வலப்பக்கம் தொலைவில் ஓரிடம், நடுவில் ஓரிடம், அருகில் ஓரிடம் என்று ஒவ்வொன்றிலும் அரை நொடி கண்ணை நிறுத்துங்கள். இடப்பக்கமும் அப்படியே. பிறகு வலப்பக்கம் இன்னொரு முறை, ஏனென்றால் முதலில் பார்த்த வலப்பக்கம் இதற்குள் இரண்டு மூன்று நொடி பழையதாகிவிட்டது. காரில் இருந்தால் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள தூணுக்குப் பின்னால் ஒரு பைக் முழுதாக மறையும். இரண்டு வண்டியும் மோதும் பாதையில் வந்தால் அது தூணுக்குப் பின்னாலேயே இருந்துகொண்டு நெருங்கிவரவும் கூடும். இருக்கையில் உடம்பை ஒரு தடவை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்பதுதான் அதற்கு வழி. பைக்கில் வருபவர் பக்கத்திலிருந்து சொன்னால், காரில் இருப்பவர் உங்கள் பக்கம் திரும்பினார் என்பதால் உங்களைப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் வண்டி நிற்கிறதா என்று சக்கரத்தைப் பாருங்கள்.

கடைசியாக, மூளை பற்றிய பயம். நீங்கள் விவரித்தது (பார்வையை மாற்றிய முதல் கணத்தில் மட்டும், ஒரு நொடிக்குச் சற்றே மேல், உடனே சரியாகிவிடுவது) ஆரோக்கியமான கண்ணிலும் மூளையிலும் நடப்பது. வயதாகிறது என்பதற்கோ மறதி வருகிறது என்பதற்கோ இது அடையாளம் அல்ல. இதிலிருந்து வேறுபட்ட, உண்மையிலேயே மருத்துவரிடம் போக வேண்டியவை சில உண்டு. கண்ணை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காட்சி முழுவதும் உறைந்து உறைந்து நகர்வது, நகரும் பொருளுக்குப் பின்னால் அதன் நிழல்கள் வரிசையாக நிற்பது, நின்ற இடத்திலேயே உலகம் ஆடுவது, இரட்டையாகத் தெரிவது, நடுவே சில நொடி நினைவு தப்புவது ஆகியவை. இவை அரிதானவை. 1983-ல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், மூளையின் பின்பகுதியில் இரு புறமும் சேதமடைந்த 43 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி வருகிறது. கோப்பையில் தேநீரோ காபியோ ஊற்றும்போது அது பனிக்கட்டி போல உறைந்து நிற்பதாகத் தெரிந்ததால், எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவைக் கடக்கும்போது தொலைவில் இருந்த கார் திடீரென்று பக்கத்தில் இருக்கும். பார்வை மாறும் முதல் கணத்தோடு அது முடிந்துவிடவில்லை. எந்நேரமும் அப்படித்தான் இருந்தது. உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் கண் மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போங்கள். போகும்போது எத்தனை நொடி நீடிக்கிறது, ஒரு கண்ணை மூடினாலும் வருகிறதா, கண்ணை அசைத்தபோதா அசைக்காதபோதா, கூடவே தலைவலியோ மயக்கமோ இருந்ததா, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். மேலே சொன்ன கோடும் வட்டமும் போட்ட தாளையும் சேர்த்துக் காட்டினால், எது எப்போது வருகிறது என்று அவருக்கு உடனே புரியும்.